திட்டப்பணியில் இடர்ப் பதிவேடு – ஓர் அனுபவப் பாடம்



“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சென்ற ஜனவரி மாதம் எங்கள் புராஜெக்ட் குழு செய்தது இதைத்தான். அப்படி நமஸ்காரம் செய்த பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பழக்கம்தான் இடர்ப் பதிவேடு. கம்பெனிகளில் இதை ‘ரிஸ்க் ரிஜிஸ்டர்’ என்கிறார்கள். அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இந்த ஆண்டு மலரில் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள்க.

பொங்கல் விடுமுறையும் பதினெட்டு கியூப்களும்

நான் சிவில் பிரிவு மூன்றாம் ஆண்டு. எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைப்பு: ‘காங்கிரீட்டில் கருங்கல் ஜல்லியின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துதல்’. சிரட்டை கலக்காத சாதாரணக் கலவை ஒன்று, 10 சதவீதம் சிரட்டை கலந்தது ஒன்று, 20 சதவீதம் கலந்தது ஒன்று என மூன்று கலவைகள். ஒவ்வொன்றிலும் 7-ஆம் நாள் உடைக்க மூன்று கியூப், 28-ஆம் நாள் உடைக்க மூன்று கியூப். ஆக மொத்தம் 18 கியூப்கள். எல்லாம் எம்.20 கலவை.

ஜனவரி 9 அன்று வார்த்தோம். மறுநாள் மோல்டைப் பிரித்தோம். கியூரிங் தொட்டியில் வேறு ஒரு பேட்சின் கியூப்கள் இருந்ததால், எங்களுடையதை லேப் பின்புறம் வரிசையாக அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்திவிட்டு வந்தோம். காலையும் மாலையும் சாக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். “பாத்துக்கலாம்டா” என்று ஒருவன் சொன்னான். அந்த ஒருவன் நான்தான்.

பொங்கல் விடுமுறை வந்தது. எல்லோரும் ஊருக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது சாக்கு அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. ஜனவரி 9-லிருந்து ஏழாம் நாள் என்பது ஜனவரி 16. அது பொங்கல் விடுமுறைக்குள் விழுகிறது என்பதைக்கூட ஐந்து பேரில் ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆக, 7-ஆம் நாள் சோதனையும் போயிற்று. கியூரிங்கும் போயிற்று.

28-ஆம் நாளான பிப்ரவரி 6 அன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கியூப்களை உடைத்தோம். 150 மில்லிமீட்டர் கியூப் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டுமானால் இயந்திரத்தின் முள் 450 கிலோநியூட்டனைத் தொட வேண்டும். எங்களுடைய சாதாரணக் கலவைக் கியூபே 350-ஐத் தாண்டவில்லை. அதாவது 15.6 நியூட்டன். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த கலவையே தோற்றுவிட்டால், சிரட்டை கலந்ததை எதனோடு ஒப்பிடுவது? ஒரு மூட்டை சிமெண்ட், மணல், ஜல்லி, நான்கு வாரம் எல்லாம் வீண். ஏப்ரலில் வைவா. எங்களுக்கு மிஞ்சியிருந்தது இன்னும் ஒரே ஒரு 28 நாள். அதுவும் தவறினால் அரியர்தான்.

ஒரு கேள்வியும் ஒரு நோட்டும்

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சாக்குல தண்ணி ஊத்துறது யார் வேலை?”

“எல்லார் வேலையும்தான் சார்.”

“எல்லார் வேலையும்னா யார் வேலையும் இல்லைனு அர்த்தம். சாக்கு காயும்னு உங்கள்ல யாருக்காவது தெரியாதா?”

தெரியும். ஐந்து பேருக்குமே தெரியும். இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் அறிவில்லாமல் தோற்கவில்லை. தெரிந்த ஒன்றை எழுதி வைக்காமல், அதற்கு ஓர் ஆளைப் போடாமல் தோற்றோம்.

சார் ஒரு நீள நோட்டைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னார். “இரண்டாவது தடவை கலவை போடுறதுக்கு முன்னாடி இதுல பத்து வரியாவது இருக்கணும். என்னென்ன கெட்டுப்போகலாம்னு எழுதுங்க” என்றார்.

இடர்ப் பதிவேடு என்றால் என்ன?

ஒரு வேலை முடிவதற்குள் என்னென்ன தவறு நேரலாம் என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மாற்று வழி, பொறுப்பாளர், தேதி ஆகியவற்றைக் குறித்து, வேலை முடியும்வரை திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்தி வரும் ஏடுதான் இடர்ப் பதிவேடு ஆகும்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. ஓர் இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகலாம், பழுதானால் என்ன விளையும் என்று வரிசையாக எழுதிப் பார்க்கும் முறையை அமெரிக்க ராணுவம் 1949-லேயே விதியாக எழுதிவிட்டது. 1969-இல் திட்ட மேலாண்மைக்கென்றே அமெரிக்காவில் ஒரு கழகம் தோன்றியது. இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 31000 என்ற உலகத் தரநெறி 2009-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பட்டது. பெயர்கள் பெரிதாக இருந்தாலும் இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஸ்கேலும் பேனாவும் போதும்.

எங்கள் நோட்டில் போட்ட கட்டங்கள் இவை: வரிசை எண், இடர், வாய்ப்பு, பாதிப்பு, மதிப்பெண், என்ன செய்வோம், பொறுப்பாளர், மாற்று ஆள், எச்சரிக்கை அறிகுறி, தேதி, நிலை.

இடர் வேறு, பிரச்சினை வேறு

முதல் நாள் நாங்கள் எழுதியதைப் பார்த்து சார் பாதியை அடித்துவிட்டார். “சிமெண்ட் விலை ஏறிடுச்சு” என்று ஒருவன் எழுதியிருந்தான். ஏறிவிட்டது என்றால் அது நடந்து முடிந்த பிரச்சினை. இனி நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று இருப்பதுதான் இடர். பிரச்சினைக்கு உடனே தீர்வு தேட வேண்டும். இடருக்கு முன்னேற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொருவன் “தண்ணீர்” என்று ஒரே சொல்லை எழுதியிருந்தான். அதுவும் தவறு. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். “சனி, ஞாயிறு லேப் பூட்டியிருப்பதால், கியூபுக்குத் தண்ணீர் ஊற்றுவது விட்டுப்போய், வலிமை குறையலாம்” என்று எழுதினால்தான் எதைத் தடுக்க வேண்டும் என்பது தெரியும். இப்படி எழுதியவுடனே பதிலும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமையே வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்தால் போதும்! பாதி மருந்து வாக்கியத்திலேயே இருக்கிறது.

மதிப்பெண் போடும் முறை

நேரும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு எண். நேர்ந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு எண். இரண்டையும் பெருக்க வேண்டும். பெரிய எண் வருவதை முதலில் கவனிக்க வேண்டும். எங்கள் நோட்டிலிருந்து முதல் ஐந்து வரிகளைத் தருகிறேன்.

1. கியூரிங் விட்டுப்போதல். வாய்ப்பு 4, பாதிப்பு 5, மதிப்பெண் 20. காலை, மாலை முறை போட்டு, ஊற்றியவர் நோட்டில் கையெழுத்திட வேண்டும்.

2. சோதனை நாள் விடுமுறையில் விழுதல். வாய்ப்பு 3, பாதிப்பு 4, மதிப்பெண் 12. காலண்டரில் எண்ணிப் பார்த்த பிறகே வார்க்கும் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

3. கியூப் உடைக்கும் இயந்திரம் பழுதாதல். வாய்ப்பு 2, பாதிப்பு 5, மதிப்பெண் 10. நான்கு நாட்களுக்கு முன்பே லேப் உதவியாளரிடம் கேட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊரில் கட்டணத்துக்குச் சோதனை செய்யும் இடத்தை விசாரித்து வைக்க வேண்டும்.

4. சிரட்டையை ஊறவைக்க மறத்தல். வாய்ப்பு 3, பாதிப்பு 3, மதிப்பெண் 9. சிரட்டை தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த சிரட்டையைப் போட்டால் கலவையில் இருக்கும் தண்ணீரை அது குடித்துவிடும். ஆகவே முதல் நாளே 24 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரம் போக உலர்த்தித்தான் சேர்க்க வேண்டும்.

5. சிமெண்டில் ஈரம் பட்டுக் கட்டி தட்டுதல். வாய்ப்பு 2, பாதிப்பு 4, மதிப்பெண் 8. இரண்டு நாள் முன்பாக மட்டுமே வாங்கி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருக்கல் சில சமயம் நம்மை ஏமாற்றும். வாய்ப்பு 5, பாதிப்பு 1 என்றாலும் 5 தான். வாய்ப்பு 1, பாதிப்பு 5 என்றாலும் 5 தான். ஆனால் பேனா தொலைவதும் லேப் கூரை விழுவதும் ஒன்றாகுமா? எனவே பாதிப்பு 5 என்று வந்தால், மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதும்படி சார் சொன்னார்.

ஒவ்வோர் இடருக்கும் நான்கு வழிகள் உண்டு. தவிர்க்கலாம்: விடுமுறை வந்தால் வார்க்கும் தேதியையே மாற்றுவது. குறைக்கலாம்: தண்ணீருக்கு முறை போடுவது. பிறர் மீது மாற்றலாம்: பெரிய வேலைகளில் இன்சூரன்ஸ் எடுப்பது. ஏற்றுக்கொள்ளலாம்: 20 சதவீதக் கலவையின் வலிமை குறைவாக வந்தால், குறைவாக வந்தது என்றே ரிப்போர்ட்டில் எழுதிவிடுவது. ஏற்றுக்கொள்வதும் ஒரு வழிதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஏற்க வேண்டும்.

எழுதியும் காக்காத கதை

எழுதி வைத்துவிட்டால் போதுமா? போதாது, நண்பர்களே! இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது வினாடியில் சிதைந்தது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், அதாவது ‘ஓ ரிங்’, அன்றைய குளிரில் நெகிழும் தன்மை குறைந்து இணைப்பைச் சரியாக அடைக்கவில்லை. சூடான வாயு வெளியே கசிந்தது. அவ்வளவுதான்.

இது யாருக்கும் தெரியாத ஆபத்தா? இல்லை. அந்த இணைப்பு பழுதானால் கலமும் உயிர்களும் போகும் என்று 1982-லேயே நாசாவின் அபாயப் பட்டியலில் முதல் வகையில் எழுதியிருந்தார்கள். 1985 ஜூலையில், இதைத் தீர்க்காமல் ஏவக் கூடாது என்று தடைக் குறிப்பும் போட்டார்கள். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடைக்கு விலக்கு அளித்துக்கொண்டே வந்தார்கள். ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஷாலி அதே ஜூலை 31 அன்று, இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினார். ஏவுவதற்கு முந்தைய இரவில்கூட, அதுவரை ஏவியதில் மிகக் குளிரான 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். நிறுவன நிர்வாகம் முதலில் அதை ஏற்று, பிறகு மாற்றிக்கொண்டது. ஏவிய நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான்.

பிறகு விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மேன், அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்.

இதிலிருந்து நமக்குப் பாடம் என்ன? பட்டியல் இருந்தது. எழுத்து இருந்தது. அபாயம் என்ற வார்த்தையும் இருந்தது. ஆனால் “போன தடவை ஒண்ணும் ஆகலையே” என்ற நினைப்பு அந்த எழுத்தை ஜெயித்துவிட்டது. எனவேதான் எங்கள் நோட்டில் ஒரு விதி வைத்தோம். ஒரு வரியை மூட வேண்டுமானால், ஏன் மூடுகிறோம் என்ற காரணத்தை எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். “ஒண்ணும் ஆகாது” என்பது காரணமாகாது.

தோற்பதை நினைத்து ஜெயித்தவர்கள்

இதற்கு நேர் மாறான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. அடுத்த முறை இஸ்ரோ பொறியாளர்கள் “எப்படி ஜெயிக்கும்?” என்று தொடங்கவில்லை. “எது எது கெட்டாலும் எப்படி இறங்கும்?” என்று தொடங்கினார்கள். தோல்வியை அடிப்படையாக வைத்த வடிவமைப்பு என்றே அதைச் சொன்னார்கள். இறங்க வேண்டிய இடம் 500 மீட்டர் சதுரமாக இருந்ததை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். கால்களை வலுப்படுத்தி, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி செய்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் மெதுவாக இறங்கியது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள். ரயில்வே தொழிலாளியின் மகன். நம்மைப் போலவே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர் என்பதை இவ்விடத்தில் பெருமையோடு நினைவூட்டுகிறேன்!

அப்பாவின் பதிவேடு

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆறு வரி எழுதி முடித்த அன்று இரவு நோட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

“அந்த நோட்டுல என்னடா எழுதுற தம்பி?” என்றார்.

படித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். “இதைத்தானடா நாங்க தளம் போடுறப்ப பண்றோம்” என்றார்.

உண்மைதான். தளத்துக்குக் காங்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் ஜாயிண்ட் விழும். பின்னால் அங்கேதான் தண்ணீர் ஒழுகும். அதனால் முதல் நாளே அப்பா மொட்டை மாடியில் ஏறி நிற்பார். மழை வந்தால் போர்த்தத் தார்ப்பாய் இருக்கிறதா? மிக்சர் நின்றுபோனால் வேறு மிஷின் யாரிடம்? வைப்ரேட்டருக்கு இன்னொரு ஊசி உண்டா? டீசல் கேனில் எவ்வளவு? முட்டுகள் ஆடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்ப்பார். கூடுதலாகப் பத்து முட்டுகளைக் கீழே சாய்த்து வைத்திருப்பார். சிறு வயதில் அவரோடு போனபோது இதெல்லாம் வேண்டாத வேலை என்று நினைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் அவர் பதிவேட்டை மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

நான் படித்து முடித்ததும் அப்பா சொன்னார்: “எல்லாம் சரி. முக்கியமான ஒண்ணை விட்டுட்டியே. ஆளு! மழையைக் கூட சமாளிச்சிரலாம். வர்றேன்னு சொன்ன ஆளு வரலைன்னாதான் தளம் கெட்டுப்போகும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த ஆள் நான்தான் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

ஏழாவது வரி

பொங்கலுக்குக் கியூபைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நான் எங்கே போனேன்? மார்க்கெட்டில் கரும்புக் கட்டு இறக்கப் போனேன். நான்கு நாள் கூலியில் செமஸ்டர் செலவில் ஒரு பங்கு சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பாவுக்கு ஆள் குறைந்தால் நான் வேலைக்குப் போவதுண்டு. இதை என் குழுவில் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் டியூஷன், சினிமா என்று பேசும்போது “ஊர்ல ஒரு விசேஷம்” என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன? சாக்கு காய்ந்ததற்கு என் வெட்கமும் ஒரு காரணம்.

மறுநாள் நோட்டை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஏழாவது வரியை எழுதினேன். “ஞாயிறு, விடுமுறை நாட்களில் நான் கூலி வேலைக்குப் போக நேரலாம். அதனால் என் முறை தவறி, கியூரிங் கெடலாம். வாய்ப்பு 4, பாதிப்பு 5, மதிப்பெண் 20.” கை நடுங்கியது. பொறுப்பாளர் கட்டத்தில் என் பெயரையே எழுதினேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஹாஸ்டல் நண்பன், “இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா! ஞாயித்துக்கெழமை நான் இங்கதானே கெடக்கேன்” என்றான். குழுவிலிருந்த தோழி பேனாவை வாங்கி எட்டாவது வரியை எழுதினாள். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிற நாளில் அவளால் கல்லூரிக்கு வர முடியாது. இன்னொருவன், தன் பங்குப் பணம் மார்ச் வரை வராது என்று ஒன்பதாவது வரியை எழுதினான். சிமெண்டும் மெஷினும் நிரம்பியிருந்த எங்கள் நோட்டில் அன்றைக்குத்தான் மனிதர்கள் வந்தார்கள். அன்றைக்கே ‘மாற்று ஆள்’ என்ற கட்டத்தையும் சேர்த்தோம்.

நண்பர்களே, என் அனுபவத்தில் நான் கண்ட உண்மை இதுதான். எந்த இடரை எழுத நமக்குக் கூச்சமாக இருக்கிறதோ, அதுதான் பதிவேட்டில் முதலில் எழுத வேண்டிய இடர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நமக்கு இது இரண்டு மடங்கு உண்மை. பணமில்லை, வேலைக்குப் போகிறேன், பாடம் புரியவில்லை என்பதையெல்லாம் நாம் மறைக்கிறோம். மறைத்தால் அது இல்லாமல் போய்விடுவதில்லை. சாக்கு போல உள்ளுக்குள்ளே காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது வார்ப்பு

பிப்ரவரி 12 அன்று மறுபடியும் 18 கியூப்களை வார்த்தோம். பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் 28-ஆம் நாள் மார்ச் 12, அதே தேதி. 7-ஆம் நாள் பிப்ரவரி 19. இரண்டும் விடுமுறையில் விழவில்லை என்று காலண்டரில் பார்த்துக்கொண்டுதான் மண்வெட்டியைத் தொட்டோம்.

வெள்ளிதோறும் மதியம் கால் மணி நேரம் நோட்டைத் திறந்து படித்தோம். எந்த வரியின் மதிப்பெண் ஏறியது, எது இறங்கியது, புதிதாக என்ன சேர்ந்தது என்று பார்ப்போம். மார்ச் 8 அன்று மூன்றாவது வரிப்படி இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். எண்ணெய் கசிந்தது! லேப் உதவியாளர் அன்றே ஆளுக்குச் சொல்லி, மார்ச் 11 அன்று சரியாயிற்று. கேட்காமல் 12-ஆம் தேதி கியூபைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாங்கள் எழுதாத ஒன்றும் நடந்தது. அந்த ஹாஸ்டல் நண்பனுக்கே அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டான். அம்மை வரும் என்று யார் எழுதுவார்கள்? பதிவேடு ஜோசியப் புத்தகம் அல்ல. ஆனால் ‘மாற்று ஆள்’ கட்டத்தில் தோழியின் பெயர் இருந்தது. அவள் அன்று மாலையே வாளியைத் தூக்கிவிட்டாள். சாக்கு ஒரு வேளைகூடக் காயவில்லை.

மார்ச் 12 முடிவு: சாதாரணக் கலவை 26.2 நியூட்டன். 10 சதவீதம் சிரட்டை 22.1. 20 சதவீதம் 16.8. கடைசியானது 20-ஐத் தொடவில்லை. அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினோம். வைவாவில் தேர்வாளர், “இது ஏன் குறைந்தது?” என்று கேட்டபோது தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தது. கியூரிங் சரியாக நடந்தது என்பதற்குத்தான் நோட்டில் காலை, மாலைக் கையெழுத்து இருக்கிறதே! அப்படியானால் குறைவுக்குக் காரணம் கலவைதான். எங்கள் சோம்பல் அல்ல.

தம்பி தங்கைகளுக்குச் சில குறிப்புகள்

புராஜெக்ட் தலைப்பு முடிவான அன்றே நோட்டைப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். ‘குழு’ என்று எழுதாதீர்கள். கூடவே மாற்று ஆள் ஒருவர். தேதி இல்லாத நடவடிக்கையை நடவடிக்கையாகக் கருதாதீர்கள். வாரம் ஒருமுறை திறக்காத பதிவேடு பழைய பேப்பருக்குச் சமம். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக எந்த வரியையும் அடிக்காதீர்கள். இடரை எழுதியவனைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் அடுத்த முறை அவன் எழுத மாட்டான், சாக்கு காயும்.

வள்ளுவர் திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். செயலில் இறங்குமுன் எண்ணிப் பார் என்பதுதான் அதன் சாரம். நாம் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். இனிமேல் புராஜெக்டுக்காகவும் படிப்போம்.

எங்கள் நோட்டு இப்போது துறை அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் சாரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஏழாவது வரியைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்கு இப்போது கவலையில்லை. அந்த வரியின் ‘நிலை’ என்ற கட்டத்தில் “முடிந்தது” என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காரணம் எழுதும் இடத்தில் தோழி எழுதியது இது: “சொல்லிவிட்டான்.”



– மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு